வேலியோரத்து நத்தை அல்ல

அம்பு இல்லை.

நத்தைகளை ஆராய்கிற அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அம்பும் இல்லை, அம்பை வைத்துக்கொள்ளும் பையும் இல்லை. அப்படி ஒன்று இருந்ததற்கான சுவடுகூட இல்லை.

வேலியோரம், பூந்தொட்டி, குளியலறைச் சுவர் என்று கண்ட இடத்தில் ஊர்கிற நத்தைக்கு அது கட்டாயம் இருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துகிற பிராணி. ஜோடி சேரும்போது ஒன்றையொன்று சுண்ணாம்பு அம்பால் குத்திவிட்டுத்தான் மற்றதெல்லாம். கொஞ்சல் என்றால் அவற்றுக்கு அதுதான்.

மேஜையில் அறுபட்டுக் கிடப்பது அந்தச் சாதி இல்லை.

குவாரி கம்பெனி அமர்த்திய நிபுணர், அவள் எடுத்து அனுப்பியிருந்த ஓட்டின் புகைப்படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இது சாதாரண வேலியோரத்து நத்தை, குன்றைத் தாராளமாக உடைக்கலாம் என்று. ஓட்டைப் பார்த்து நத்தையை இனம் பிரிப்பது, சட்டையைப் பார்த்து மாப்பிள்ளை பிடிப்பது மாதிரி.

அவள் உள்ளே பார்த்தாள். வால் நுனியில் ஒரு குழி, குழிக்கு மேல் பொடியாக ஒரு கொம்பு. நாக்கில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் இருக்கும் பற்களின் அமைப்பும் வேறு. இனம் மட்டுமல்ல, குடும்பமே வேறு. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெந்தக் குன்றிலும் கிடைத்ததில்லை.

அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் அடைத்தால்தான் நத்தை உடம்பை நீட்டியபடி சாகும். குமிழி இருந்தால் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டு, அறுக்கிறவளின் உயிரை வாங்கும். இது பாய் விரித்த மாதிரி நீண்டு கிடந்தது. எந்த நிபுணர் வந்தாலும் வரட்டும், எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

அவள் அறிக்கை அரசுக்குப் போனால் குன்று பிழைத்துவிடும்.

அண்ணன் பிழைப்பு போய்விடும்.

அந்தக் குவாரியில் வெடி வைப்பது அவன்தான். அதுகூடப் பரவாயில்லை. இந்த நத்தையைக் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான். ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில், கைக்குட்டையில் சுற்றி, உன் சொந்தக்காரன் வந்திருக்கிறான் பார் என்று மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அந்த அப்பாவிக்குத் தெரியாது. ஊரார் சொல்வதற்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

மதிய இடைவேளையில் அவனே வந்து நின்றான். புருவம் வரை கல்தூசி.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். வேலியோரத்து நத்தை இல்லை, அண்ணா. அந்தக் குன்றைத் தவிர இதற்கு வேறு வீடு இல்லை. இனி அங்கே யாரும் வெடி வைக்க முடியாது.

அண்ணன் நுண்ணோக்கியில் குனிந்தான். மூடவேண்டிய கண்ணைத் திறந்து, திறக்கவேண்டிய கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். என்ன தெரிந்ததோ, தலையை மட்டும் ஆட்டினான்.

நீ விளையாட்டாக, ஒன்றும் தெரியாமல் கொண்டுவந்ததற்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஆரம்பித்தாள்.

"தெரியாமலா கொண்டுவந்து குடுத்தேன்?" என்றான் அண்ணன்.

அவன் நிதானமாகச் சொன்னான். வெடிமருந்து நிரப்பத் துளை போட்டு வைத்திருந்த பாறை முழுக்க இதுகள்தான் அப்பிக்கொண்டிருந்தனவாம். வேலியோரத்து நத்தையைத் தினமும் மிதிக்கிறவனுக்கு, இது அது இல்லை என்று தெரியாதா? திரியை எடுத்தானாம், கை வரவில்லையாம். இயந்திரம் பழுது என்று அந்தப் பக்கத்தை மட்டும் இத்தனை நாளும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினான். ஈரப் பாசிக்குள் இரண்டு நத்தைகள் கொம்பை நீட்டிக்கொண்டிருந்தன. ஒற்றை நத்தையை வைத்து இவள் என்ன நிரூபிப்பாள், அது ஊனமாகப் பிறந்தது என்று அடித்துச் சொல்லிவிடலாம் என்று கம்பெனி ஆட்கள் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்ததாம்.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் நத்தைக் கதை சொன்னபோதெல்லாம் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டவன் இவன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். அவளுக்கு அண்ணனை எழுந்து கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையுறையில் நத்தைச் சளி இருந்ததால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

கல் உடைக்க வேறு இடமா கிடைக்காது, நீ தைரியமாக எழுதி அனுப்பு என்று சொல்லிவிட்டு அவன் எழுந்தான். நிமிர்ந்துதான் நடந்தான்.

கதவு வரை போனவன் திரும்பி வந்தான். அதுவரை இருந்த தெம்பு முகத்தில் இல்லை.

"உங்க அண்ணிகிட்ட மட்டும் நீயே சொல்லிடும்மா."