செருப்பைக் கழற்றியவர் பெயர்

"செருப்பைக் கழற்றிட்டு உள்ளே போப்பா. உங்க வீட்டுக்கு அது பழக்கம்தானே!" என்று அரண்மனை வாயிற்காவலன் சிரித்தான்.

பெத்லகேமிலிருந்து வந்திருந்த யாமினுக்கு அந்தக் கேலி புதிதல்ல. ரூத் என்ற மோவாபிய விதவையை மணக்கும் முதல் உரிமை, நெருங்கிய உறவினர் என்ற முறையில் அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத்தான் இருந்தது. அவர் வேண்டாமென்று சொல்லி, உரிமையை விட்டுக்கொடுக்கும் வழக்கப்படி ஊர்வாசலில் தன் செருப்பைக் கழற்றி அடுத்த உறவினரான போவாசிடம் கொடுத்துவிட்டார். போவாஸ் ரூத்தை மணந்தார். அவர்களுடைய கொள்ளுப்பேரன்தான் இன்று அரசர் தாவீது.

யாமின் அரண்மனை எழுத்தர் முன் நின்றான்.

"ஐயா, நாளைக்கு என் மகனுக்கு எட்டாம் நாள், பேர் வைக்கணும். கொள்ளுத்தாத்தா பேரை வைக்க ஆசை. வெட்கப்பட்டு எங்க வீட்டுல யாரும் அதைச் சொன்னதே இல்ல. தெரிஞ்சவங்களும் இப்ப உயிரோட இல்ல."

"ராஜ வம்சத்தையே கைநழுவ விட்டவர் பேரையா?"

"அவர் விலகலேன்னா உங்க ராஜா ஏதுங்க?"

எழுத்தருக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. அரசரின் வம்சச் சுருளை விரித்தார். போவாஸ், ஓபேத், ஈசாய், தாவீது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அன்று சாட்சியாக உட்கார்ந்த பத்துப் பெரியவர்களின் பெயர்கள்கூட இருந்தன. செருப்பைக் கொடுத்தவரின் இடத்தில் மட்டும் 'இன்னார்' என்றிருந்தது.

யாமின் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப என் பையனுக்கு?"

எழுத்தர் சிறு கத்தியை எடுத்து அந்த ஒரு சொல்லைச் சுரண்டினார். தோல்சுருளில் விரலகலத்துக்கு வெற்றிடம் தெரிந்தது.

"நாளைக்கு உனக்குப் பிடிச்ச பேரை வை. அப்புறம் இங்கே வந்து என்கிட்ட மட்டும் சொல்லு."