மேடு ஏறாத டிராக்டர்

“வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேங்க. இந்த டிராக்டர் மேடு ஏறாது” என்றார் முத்துசாமி.

ஆண்டிமடத்திலிருந்து பஸ் ஏறி அரியலூர்ப் பக்கம் டிராக்டர் வாங்க வந்திருந்த காசிநாதன் திகைத்துப்போனார். விற்கிறவரே இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

“நீங்க சும்மா இருங்க” என்று குறுக்கே வந்தாள் முத்துசாமியின் மனைவி பெரியம்மாள். “நல்ல வண்டிங்க. சின்ன இன்ஜின், டீசலே குடிக்காது.”

“குடிக்காது, வேலையும் செய்யாது. இருபத்திரண்டு ஹெச்.பி.தான். டிரெய்லர்ல செங்கல் ஏத்தி மேட்டுல விட்டீங்கன்னா முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நிக்கும்.”

“இப்படிச் சொல்லிச் சொல்லியே நாலு பேரு திரும்பிப் போயிட்டாங்க. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெரியம்மாள்.

அவர்கள் நிலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய் ஒரு வருடமாகிவிட்டது. அன்றிலிருந்து டிராக்டர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு சும்மா நின்றது.

காசிநாதன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பானட்டை முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். முத்துசாமி அந்த இடத்தைத் தோள் துண்டால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“ஒம்பது கலப்பை மாட்டினா இழுக்காதுங்க. அஞ்சுதான்.”

“எனக்கு முந்திரித் தோப்பு. மரத்துக்கு மரம் நடுவுல ஒம்பது கலப்பை எங்க திரும்பும்? அஞ்சு போதும்.”

“ரொம்பக் குட்டை வண்டிங்க. உங்க உயரத்துக்கு முழங்கால் ஸ்டியரிங்ல இடிக்கும்.”

“இடிச்சா இடிக்கட்டும். போன வருஷம் பெரிய வண்டியை விட்டு, பூ வச்ச கிளையெல்லாம் ஒடிஞ்சு போச்சு. குட்டையாத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

முத்துசாமி விடவில்லை. “சேத்துல இறக்கினா வயிறு தட்டி நின்னுடும்.”

“எங்க பக்கம் ஏதுங்க சேறு? பூரா செம்மண்ணு.”

“மேடு...”

“தோப்பு தாம்பாளம் மாதிரி சமமா கிடக்கு. மேட்டுக்கு நான் எங்க போவேன்?”

முத்துசாமி டிராக்டரின் முன்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“இதுவரைக்கும் ஏழு வண்டி பார்த்துட்டேன். ஒருத்தரும் ஒரு குறை சொல்லல. அதனாலேயே பயந்துக்கிட்டு வந்துட்டேன்” என்றார் காசிநாதன். “உங்களை மாதிரி ஆளுகிட்டதான் நம்பி வாங்கலாம். வண்டி எனக்குத்தான்.”

பணத்தைப் பெரியம்மாள் கையில் கொடுத்தார். அவள், வந்தவர் மனசு மாறிவிடப்போகிறதே என்று அவசரமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“சாவியைக் கொடுங்கண்ணே. இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்.”

முத்துசாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நீட்டினார். ஆனால் மூடிய விரல்கள் திறக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு சொல்லணுங்க.”

“இன்னொரு குறையா? சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்று சிரித்தார் காசிநாதன்.

முத்துசாமி டிராக்டரைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்க தோப்புக்கு டிரைவர் வேணுங்களா?”