கூடுதல் ஒத்தி

கேட்காமலே ஒன்றரை லட்சத்தைக் கொண்டுபோய் நீட்டினால் யாராவது வேண்டாம் என்பார்களா?

பெரியகருப்பன் வேண்டாம் என்றார். அதோடு நில்லாமல் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்.

சிவரஞ்சனிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவர் வீட்டு மேல்மாடியில் அவளும் புருஷனும் இருப்பது ஒத்திக்கு. மொத்தமாக நாலு லட்சம் கொடுத்துக் குடிவந்தார்கள். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது கொடுத்த பணம் முழுசாகத் திரும்பி வரும்.

அவள் புருஷன் முத்துப்பாண்டிக்குப் போடியில் ஏலக்காய்க் கடையில் எடை போடும் வேலை. அவள் ஜாக்கெட் தைக்கிறாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததுதான் அந்த ஒன்றரை லட்சம்.

பொட்டிபுரம் போகிற வழியில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. வாங்கலாமா, ஒத்தியிலேயே இருந்துவிடலாமா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம். முத்துப்பாண்டிக்குக் கடன் என்றாலே பயம். கடைசியில் அவன்தான் ஜெயித்தான். சேமிப்பையும் ஒத்தியோடு சேர்த்துக் கொடுத்து, இன்னும் மூன்று வருஷம் கேட்கலாம் என்று கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனார்கள்.

பெரியகருப்பன் பணத்தைத் தொடக்கூட இல்லை.

"ஒங்க காசை வச்சு நான் என்ன செய்ய? நீங்க வந்ததுலருந்து மோட்டாருக்கு ஓய்வில்ல, தையல் மிஷின் சத்தத்துல தலைவலி. வெரசா வேற எடம் பாருங்க" என்றார்.

நேற்றுவரை ஆத்தா, ஆத்தா என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். சிவரஞ்சனிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூணாறுக்காரன் எவனோ இன்னும் அதிக ஒத்தி தருவதாகச் சொல்லியிருப்பான் என்றான் முத்துப்பாண்டி. அப்படியானால் கடை வீதியில் நாலு பேருக்குத் தெரிந்திருக்குமே என்று அவள் யோசித்தாள். விசாரித்துப் பார்த்தாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பத்தே நாளில் நாலு லட்சமும் கைக்கு வந்தது. வெள்ளையடிக்க என்று கூட எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு நேர்மையான ஆளுக்கு அவ்வளவு கெட்ட வாய் எப்படி வந்தது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ரோஷம் யாரை விட்டது? கடனுக்குப் பயந்த முத்துப்பாண்டியே, இனி அடுத்தவன் வீட்டில் குடியிருப்பதில்லை என்று குதித்தான். சாமான்களைத் தேவாரத்தில் அவள் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டு, கையிலிருந்ததோடு கடனும் வாங்கி, பொட்டிபுரம் வழி வீட்டை முடித்துவிட்டார்கள்.

பால் காய்ச்ச நாள் குறித்ததும் சிவரஞ்சனி முதல் வேலையாகப் பெரியகருப்பன் வீட்டுக்குத்தான் கிளம்பினாள். அழைப்பதற்கு என்று சொல்லிக்கொண்டாலும், நாங்களும் வீடு வாங்கிவிட்டோம் பார் என்று காட்டுவதற்குத்தான் போனாள்.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பீரோவும் கட்டிலும் அதில் ஏறியிருந்தன. பெரியகருப்பன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆட்டோவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவர் மனைவி ராமுத்தாய்தான் சொன்னாள். மலையில் அவர்களுடைய தோட்டத்தில் வெயிலுக்கு ஏலச்செடி எல்லாம் கருகிவிட்டது. தோட்டத்துக்காக இந்த வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. நாளைக்குப் பேங்கிலிருந்து வந்து சீல் வைக்கிறார்கள்.

"சீல் வச்சுட்டா ஒத்திக்காரவுகளுக்கு ஒத்த ரூவா வந்து சேராது ஆத்தா. அதான் முன்னாடியே தோட்டத்து ஜீப்பை வித்து ஒங்க நாலு லட்சத்தைக் குடுத்துட்டாரு."

சிவரஞ்சனி லோடு ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்க குடுக்க வந்த ஒன்றரை லட்சத்தையாவது வாங்கிக் கட்டியிருக்கலாமே பெரியம்மா?"

"கட்டியிருந்தா பேங்குக்காரன் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருப்பான். நானும் வாங்கச் சொல்லிக் கெஞ்சுனேன். அந்தப் புள்ளைக காசையும் சேத்து முழுக வைக்கச் சொல்றியான்னு என்னை ஏசிப்புட்டாரு."

"இதைச் சொல்லியே காலி பண்ணச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு எங்களை அப்படிப் பேசுனாரு?"

ராமுத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா, நொடிஞ்சு போன மனுசன்கிட்ட எப்படிக் காசைத் திருப்பிக் கேக்கன்னு நீங்க பேசாம இருந்துருவீகளாம். கோவம் வந்தாத்தான் அதுக வெரசா கெளம்பும், ஒரு வீட்டையும் வாங்கும்னு சொன்னாரு."