ஹிரோஷிமா கழனி

"எவனாச்சும் அந்தப் பேர வாயில எடுத்தீங்க, நான் மன்ஸனா இருக்க மாட்டேன்!"

பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சாட்சரம் ஊரைக் கூட்டி வைத்து மிரட்டிக்கொண்டிருந்தார்.

ஜப்பான் முறை நெல் சாகுபடியைப் பார்வையிட ஜப்பானிலிருந்தே ஒரு நிபுணர் திருமுக்கூடலுக்கு வருகிறார். பார்க்கப் போவது செல்லம்மாளின் கழனியை. அந்தக் கழனிக்கு ஊரில் வழங்கும் பெயரோ, ஹிரோஷிமா!

அந்தப் பெயரை வைத்த புண்ணியவானும் தலைவர்தான். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் முழங்கால் உயரம் ஆற்று மணல் மூடிப்போன நிலம் அது.

"குண்டு போட்ட ஊரு மேரி கீது. இனிமே புல்லுகூட மொளைக்காது" என்று டீக்கடையில் அவர் சிரிக்க, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

செல்லம்மாள் கூடை கூடையாக மணலை வாரிக் கொட்டினாள். வண்டி வண்டியாக ஏரி வண்டலை அடித்தாள். இந்தப் போகத்தில் அவள் கழனி மாதிரிக் கதிர் வைத்த கழனி சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது.

தலைவர் செல்லம்மாள் பக்கம் திரும்பினார். "அவரு திருப்தியா போனாத்தான் ஒன் நெல்ல சர்க்கார்ல வெதைக்கு எடுப்பாங்க. பேரு கேட்டா ஆத்தங்கால் கழனின்னு சொல்லு. இன்னா, புரிஞ்சிதா?"

செல்லம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. மொரிதா என்ற அந்த ஜப்பான்காரர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் நடந்தார். ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"கழனிக்கு என்ன பேர்னு கேக்கறார்மா" என்றார் கூட வந்த அதிகாரி ஜெகந்நாதன்.

தலைவர் கண்ணை உருட்டினார்.

"ஹிரோஷிமா" என்றாள் செல்லம்மாள், சத்தமாகவே.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மொரிதா சட்டென்று நிமிர்ந்தார்.

"கெடுத்துட்டியே, பாவி!" தலைவர் பல்லைக் கடித்தார்.

"இந்தப் பேர சொல்லித்தான் மூணு வருசமா சிரிச்சிக்கினு இருந்தாங்க சார். அதே பேர்ல வெளைஞ்சி கீது. இப்ப மறைச்சா நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லுங்க."

ஜெகந்நாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். மொரிதா குந்தி உட்கார்ந்து சேற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். கேட்கக் கேட்க ஜெகந்நாதன் முகம் மலர்ந்தது.

"இவர் பொறந்த ஊரே ஹிரோஷிமாதானாம்! எழுபத்தஞ்சு வருஷத்துக்கு ஒண்ணுமே மொளைக்காதுன்னாங்களாம். அடுத்த வருஷமே அரளி பூத்துதாம். இப்போ டிராம், கடைத்தெரு, பள்ளிக்கூடம்னு ஜேஜேன்னு இருக்காம். ஆனா எந்த ஊருக்குப் போனாலும் குண்டைப் பத்தியேதான் கேக்கறாங்களாம். கேலிக்கே வெச்சிருந்தாலும், இந்தக் கழனிக்குச் சரியான பேரைத்தான் வெச்சிருக்காங்களாம். வெச்சவர் யார்னு கேக்கறார்."

செல்லம்மாள் கையை நீட்டித் தலைவரைக் காட்டினாள். மொரிதா அவர் முன்னால் போய் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்.

தலைவர் கூனிக் குறுகிப் போனார்.

ஜெகந்நாதன் நோட்டைப் பிரித்தார். "உன் நெல்லை விதைக்கு எடுத்துக்கறோம்மா. தலைவர் முன்னாடியே என்கிட்ட சொன்ன மாதிரி ஆத்தங்கால் கழனின்னே எழுதிடட்டுமா?"

செல்லம்மாள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கே வந்து விழுந்தார்.

"இன்னா சார் அநியாயமா கீது? அந்தப் பேர மாத்தி எழுதினீங்க, நான் மன்ஸனா இருக்க மாட்டேன்!"