காட்டிக் கொடுத்தவள்

“ஆறு வருஷம்” என்றார் நீதிபதி.

வெர்லீன் அண்ணனைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த அண்ணி நடீனைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

நடீன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

“கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா பாரும்மா!”

“அவளுக்கென்ன, நினைச்சது நடந்துடுச்சு” என்றாள் அம்மா எர்னஸ்டின், முன்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

வெர்லீனின் தம்பி ஜெரோமை பெட்ரோல் பங்க் வாசலில் வைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவன் யாரென்று மெம்ஃபிஸில் அந்தப் பேட்டைக்கே தெரியும். சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. அவன் இன்றைக்கும் காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அவர்கள் தெருவிலேயே போய் வருகிறான்.

அவனைத் தேடித் துப்பாக்கியோடு கிளம்பினான் அண்ணன் கர்டிஸ். கர்டிஸின் கார் தெருமுனை தாண்டுவதற்குள் நடீன் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டாள். பாதி வழியிலேயே மடக்கிவிட்டார்கள்.

ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் கர்டிஸ் வாலிப வயதில் கார் திருடிச் சிறைக்குப் போனவன். அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி இருந்தாலே குற்றம். அதிலும் இது நம்பரைத் தேய்த்து அழித்த துப்பாக்கி. வழக்கு அமெரிக்க மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. அங்கே பரோல் என்ற பேச்சே கிடையாது.

“துப்பாக்கியை யார் கொடுத்ததுன்னு சொல்லியிருந்தா தண்டனையைக் குறைச்சிருக்கலாம். இப்பவாவது ஏதாவது சொல்லணுமா, மிஸ்டர் பெல்?” என்று நீதிபதி கேட்டார்.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா.”

கைவிலங்கோடு போகும்போது கர்டிஸ் கடைசி பெஞ்சைப் பார்த்து, “அம்மாவைப் பார்த்துக்கோ, நடீன்” என்றான்.

வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாயை, காட்டிக் கொடுத்தவள் கையிலா ஒப்படைக்கிறான்?

வராந்தாவில் நடீனை வழிமறித்தாள்.

“திருப்திதானே உனக்கு? என் தம்பியைக் கொன்னவன் ஜாலியா சுத்துறான். என் அண்ணன் உள்ள கிடந்து சாகணும். இதுக்குத்தானே போன் பண்ணின?”

நடீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வாயில என்ன வெச்சிருக்க? போலீஸ்கிட்டன்னா மட்டும் வாய் திறக்குமோ?”

“அவகிட்ட என்னடி பேச்சு!” அம்மா குரலை உயர்த்தினாள். கோர்ட்டுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். “என் வீட்டுல உட்கார்ந்து என் சோத்தைத் தின்னுட்டு என் பிள்ளையையே பிடிச்சுக் கொடுத்தவ! அந்த வெறிநாயை அன்னிக்கே என் பிள்ளை முடிச்சிருப்பான். இவதான் கெடுத்தா. அடியே, இனிமே சர்ச்சுப் பக்கம் தலையைக் காட்டினே, அத்தனை பேர் முன்னாடியும் உன் முகத்திலேயே துப்புவேன்!”

நடீன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

அப்போது வழக்கை விசாரித்த அதிகாரி வேகமாக வந்தார். நேராக நடீனிடம் போனார்.

“மிஸஸ் பெல், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அந்தத் துப்பாக்கி எப்படி வீட்டுக்கு வந்துச்சு, அவர் கையில யார் கொடுத்தாங்க? நீங்க சொன்னாக்கூட போதும். தண்டனையைக் குறைக்கச் சொல்லி அரசு வக்கீல்கிட்ட நானே பேசறேன். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாதி தண்டனைகூடக் குறையலாம்.”

“தெரியாதுங்க.”

அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு நடந்தார். வெர்லீன் பாய்ந்து நடீனின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பொய்! உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. எந்தப் பொறுக்கியைடி காப்பாத்துற? என் அண்ணனைவிட அவன் உனக்கு ஒசத்தியா?”

“கையை விடு, வெர்லீன்.”

“விட மாட்டேன். அந்த அதிகாரியைக் கூப்பிடு. பேரைச் சொல்லு. என் அண்ணன் கையில துப்பாக்கியைத் திணிச்சவன் எவனோ, அவன் போய் ஜெயில்ல கிடந்து அழுகட்டும்! நீயும் சொல்லும்மா இவகிட்ட!”

அம்மா இரண்டடி பின்வாங்கினாள்.

“அம்மா, உன்னைத்தான்! அந்த ஆள் போயிடப் போறாரு!”

“விட்டுடு, வெர்லீன்.” அம்மாவின் குரல் உள்ளே போயிருந்தது. “வா, வீட்டுக்குப் போகலாம்.”

“என்னது, விடறதா? இவ்வளவு நேரம் நீதானே கத்தின!”

“அதான் போகலாம்னு சொல்றேன்ல!” அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி லிஃப்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வெர்லீன் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

நடீன் சட்டென்று அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். இத்தனை மாதமாக வாங்கிய ஏச்சுக்கெல்லாம் சேர்த்து அவள் கண்ணில் அப்போதுதான் நெருப்பு வந்தது. குரல் மட்டும் வெர்லீன் காதைத் தாண்டவில்லை.

“பேரைச் சொன்னா உன் அண்ணன் சீக்கிரம் வந்துடுவாரு. உங்கம்மா உள்ள போயிடுவாங்க. இப்ப சொல்லு வெர்லீன்... நான் அந்த ஆளைக் கூப்பிடட்டுமா?”