முதல் பக்கத்துப் படம்

"தம்பி, இந்தப் புஸ்தகத்துல ஒரு பேரு உட்டுப்போச்சுங்க."

ஆல்வின் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். நன்றியுரையில் மாமனார் பெயர் விட்டுப்போனதற்கு, மனைவி கெசியா அவனோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

கடற்கரை மணலில் ஓவியர்கள் குடிசை போட்டுச் சேர்ந்து வாழ்ந்த ஊரின் ஆரம்பகால வரலாறு. கோவையில் இன்னும் சற்று நேரத்தில் வெளியீடு. அதை எழுதிய ஆல்வினுக்கோ, எங்காவது ஓரமாகப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"யாரு பேருங்கய்யா?"

அன்னூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த பெரியவர், முதல் பக்கத்துப் படத்தைக் காட்டினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஜிப்பாவும் தாடியுமாக, கையில் தூரிகையோடு ஒருவர். பக்கத்தில் வெற்றுடம்பாக, தோளில் வலையோடு இன்னொருவர்.

"'ஓவியர் சுப்பண்ணன், அருகில் ஒரு மீனவர்'னு அடியில போட்டிருக்கீங்க. அந்த மீனவருக்கும் பேரு இருக்குதுங்க. கண்ணையா."

"விசாரிச்சனுங்கய்யா, ஒருத்தருக்கும் தெரியல. சுப்பண்ணனே அப்புறம் எங்க போனாருன்னு தெரியல. எப்பவும் ஜிப்பாதான் போடுவாருன்னு சொன்னாங்க. அதை வெச்சுத்தான் அவரையே கண்டுபிடிச்சேன்."

"குடிக்கத் தண்ணியில்லாம கெடந்தவங்களுக்குத் தன்ற கெணத்தைக் குடுத்தது கண்ணையாதானுங்க. படம் விக்காதப்ப கொழம்புக்கு மீனும் அவரு குடுத்ததுதான். இத்தாந்தண்டி புஸ்தகத்துல அவரு வெறும் 'ஒரு மீனவர்' தானுங்களா?"

ஆல்வினுக்குச் சுருக்கென்றது. ஜிப்பாக்காரரின் கண்களில் கலையின் ஆழம் தெரிவதாக ஒன்றரைப் பக்கம் உருகியவன் அவன்.

"அச்சாயிடுச்சுங்களே. அடுத்த பதிப்புல சேர்த்துடலாமுங்க."

அடுத்த பதிப்பு என்று ஒன்று வராது என்பது அவனுக்கே தெரியும்.

"கண்ணையா போய்ச் சேர்ந்துட்டாருங்க. புயல்ல குடியிருந்த ஊடே போனதுல, அவரு போட்டோ ஒண்ணுகூட மிச்சமில்ல. பேப்பர் வெளம்பரத்துல இந்தப் படத்தைப் பாத்துட்டு, 'புஸ்தகத்துல உங்கப்பன் இருக்காரு, வந்து பாரு'ன்னு அவரு மவன்கிட்டச் சொல்லிப்போட்டேன். ரயில்ல வந்துட்டிருக்கான். பேரே இல்லாட்டி அவன் எப்படிங்க நம்புவான்?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆல்வின் பெருமூச்சோடு பேனாவை எடுத்தான். "இங்க இருக்கற புத்தகம் அத்தனையிலும் என் கையாலயே எழுதிடறனுங்க. கை ஓஞ்சுபோனா நீங்கதான் காப்பி வாங்கித் தரோணும்."

"டிபனே வாங்கித் தாரேன், எழுதுங்க."

வலைக்காரரின் காலடியில் 'கண்ணையா' என்று எழுதப் போனவனின் கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார்.

"அங்க இல்லீங்க கண்ணு. போட்டோ புடிக்க வந்தன்னிக்கு, என்ற ஜிப்பாவைப் போட்டுப் பாக்கோணும்னு கண்ணையா ஆசைப்பட்டாரு. தாடிக்காரருக்குக் கீழ எழுதுங்க. வலையோட நிக்கற சுப்பண்ணன் நானுங்க."