பெரிய டர்போ

“தினமும் ஆபீசுக்கு ஓட்டுற வண்டி சார் இது. பெரிய டர்போ மாட்ட மாட்டேன்.”

“என் வண்டிக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா? அதைச் சொல்ல நீங்க யாரு?”

பட்டறையின் கண்ணாடி அறைக்குள் மருமகனின் குரல் உயர்ந்தது. மேசைமேல், எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போக்கள் இரண்டு நத்தைக் கூடுகளாய்ச் சுருண்டு கிடந்தன. ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது. மற்றொன்று சிறு பூசணியளவு. பெரியதன்மேல் வைத்த கண்ணை அவன் எடுக்கவில்லை. வாசலில் நிற்கும் அந்தச் சிவப்புக் காருக்கு, உருவில் சிறியதும் ஓட்டத்தில் சீறுவதுமான அந்தச் செல்லத்துக்கு, இதைப் பூட்டிப் பார்ப்பது அவனுடைய இரண்டாண்டுத் தவம்.

சுவரோர நாற்காலியில் மாமியார் அமர்ந்திருந்தார். பல் மருத்துவரிடம் அழைத்துப்போகிற வழியில்தான் மருமகன் இங்கே வண்டியைத் திருப்பியிருந்தான். வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பொறுமையை விடவில்லை.

“பெருசு சுத்தி எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும் சார். அதுவரைக்கும் எஞ்சினைச் சரியான கியர்ல வெச்சிருக்கணும். சூடாகுறதுக்கு முன்னாடி மிதிச்சாலும் போச்சு, நிறுத்தின கையோட அணைச்சாலும் போச்சு. அதனாலதான் இங்க ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். பத்து நாள் வண்டியில ரெக்கார்டரை மாட்டி, ஓட்டுற கை எப்படின்னு பார்த்துட்டுத்தான் டர்போவைத் தொடுவோம்.”

“பத்து நாள் பார்த்தாச்சுல்ல? என் கையில என்ன குறை கண்டீங்க?”

மெக்கானிக் கணினித் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்.

“உங்க வண்டிக்கு ரெண்டு சாவி. ரெக்கார்டர் சாவி வாரியாப் பிரிச்சுக் காட்டுது. முதல் சாவி இருக்கே, அடடா! எஞ்சின் சூடாகுற வரைக்கும் அதட்டாமப் போகுது. ஒவ்வொரு கியரும் தாளம் தப்பாம விழுது. வண்டி நின்னதும் அரை நிமிஷம் ஆறவிட்டு அணைக்குது. இந்தக் கைக்குப் பெருசை யோசிக்காமக் கொடுப்பேன்.”

மருமகனின் மார்பு இரண்டு விரற்கடை அகன்றது.

“சும்மாவா? காலேஜ் நாள்லேர்ந்து ஓட்டுறேன்.”

“ஆனா அந்த ரெண்டாவது சாவி...” மெக்கானிக் பின்னந்தலையைச் சொறிந்தார். “கிளம்பின நிமிஷமே தரையோட மிதிக்குது. மேட்டுல நாலாவது கியர்லயே எஞ்சினைத் திணறடிக்குது. கிளட்ச் மேல வெச்ச காலை எடுக்கிறதே இல்லை. நிறுத்தின உடனே பட்டுனு அணைப்பு. இந்தக் கையில பெருசு ஒரு மாசம் தாங்காது சார்.”

மருமகன் மெல்லத் திரும்பினான். பேத்தியை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போக, வாரத்தில் மூன்று நாள் மாலையில் காரை எடுப்பவர் மாமியார். வேறு எவரும் அதைத் தொட்டதில்லை.

மாமியாரை நேருக்கு நேர் கடிந்துகொள்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே அவன் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்து மாமியாரைத் திட்டினான்.

“கேட்டுக்குங்க சார்! பெரியவங்களாச்சேன்னு ஒரு சாவியைக் கொடுத்தேன். மலை ரோட்டுல இருபது வருஷம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டின கால் சார் அது! என் வண்டியையும் ரொட்டி வண்டியா ஆக்கிட்டாங்க!”

“மாப்ள, நான் அப்படியெல்லாம்...”

“நீங்க பேசாதீங்க அத்தை, பல் வலிக்கும்.” மீண்டும் மெக்கானிக்கிடம் திரும்பினான். “கதவைக்கூடச் சத்தமில்லாமத்தான் சாத்துவேன். அவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்சிருக்கேன். ஒருத்தன் ஒழுங்கா ஓட்டுவானாம், இன்னொருத்தர் நாசம் பண்ணுவாங்களாம், தண்டனை மட்டும் ஒழுங்கா ஓட்டுறவனுக்கா? எந்த ஊர் நியாயம் சார் இது?”

நியாயம் தன் பக்கம் நிற்கிறது என்று நம்பியவனுக்குச் சொற்பஞ்சம் ஏது? அவன் நெற்றி வியர்த்தது; மேசை அதிர்ந்தது; சின்ன டர்போ உருண்டு போய்ப் பேனாக் குவளையில் முட்டி நின்றது.

“ஒரு வழி இருக்கு சார்,” என்றார் மெக்கானிக், காதைத் தேய்த்துக்கொண்டே. “பெருசையே மாட்டிடறேன். ஆனா சாவிக்குச் சாவி எஞ்சினை வேற வேறயா அமைச்சுடலாம். முதல் சாவிக்கு முழு வேகம். ரெண்டாவது சாவிக்கு, எவ்வளவு மிதிச்சாலும் அறுபதைத் தாண்டாது.”

“அறுபது எதுக்கு? நாற்பது போதும்!”

“நாற்பதுல போனா சைக்கிள்காரனே ஹாரன் அடிப்பான் மாப்ள,” என்றார் மாமியார், வலியையும் பொறுத்துக்கொண்டு.

“அடிக்கட்டும் சார்! அப்பவாவது புத்தி வரட்டும்.” இதையும் அவன் மெக்கானிக்கிடமே சொன்னான். “எழுதுங்க, நாற்பது.”

“யோசிச்சுச் சொல்லுங்க. பூட்டிட்டா ரெண்டு வருஷ உத்தரவாதம் முடியுற வரைக்கும் எடுக்க மாட்டோம். யார் வந்து கெஞ்சினாலும் சரி.”

“எடுக்கவே வேண்டாம்! காலிலேயே விழுந்தாலும் எடுக்காதீங்க!”

படிவத்தை இழுத்து, தாள் கிழியுமளவுக்குப் பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டான். மெக்கானிக் முத்திரை குத்தி, நகலைக் கிழித்து அவன் கையில் கொடுத்தார்.

“உங்க சாவியைக் கொடுங்க சார். எண்ணைப் பதிஞ்சுடலாம்.”

மருமகன் தன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, போரில் வென்றவனைப்போல் மேசைமேல் வைத்தான். மெக்கானிக் அதைக் கருவியின்மேல் வைத்து எண்ணைப் பார்த்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்; பிறகு நாற்காலியோடு மாமியார் பக்கம் திரும்பினார்.

“அம்மா, இவர்கிட்ட இருக்கிறது ரெண்டாவது சாவி... முதல் சாவி உங்க பையிலயா இருக்கு?”